ஃபேட்டி லிவரும் இதயமும்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்து வெயிலில் சிறுநீரகக் கல் வலிக்கு ஸ்கேன் எடுக்காத குடும்பம் குறைவு. அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டின் அடியில் பல பேருக்கு 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று ஒரு வரி இருக்கும். கல்லுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அந்த வரி பீரோவுக்குள் தூங்குகிறது. அதை உங்கள் இதயத்தைப் பற்றிய தகவலாகவும் படிக்க வேண்டும். ஏன், எப்படி என்பதைத்தான் கீழே சொல்கிறோம்.

ஃபேட்டி லிவர் என்றால் சரியாக என்ன?

கல்லீரல் செல்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கொழுப்புத் துளிகள் தேங்கினால் அது ஃபேட்டி லிவர். சாதாரண வயிற்று ஸ்கேன், கொழுப்பு 20 முதல் 30 சதவீதத்தை எட்டினால்தான் அதைத் தெளிவாகக் காட்டும். ஆகவே கிரேடு 1 என்று வந்தால் 'இப்போதுதான் ஆரம்பம்' என்று நினைத்துவிடாதீர்கள். சில வருடங்களாகவே சேர்ந்து வந்திருக்கலாம்.

2023-ல் உலகக் கல்லீரல் மருத்துவர்கள் இந்த நோயின் பெயரையே மாற்றினார்கள். 'மதுவால் வராத கொழுப்புக் கல்லீரல்' என்ற பழைய பெயர் போய், 'வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்த கொழுப்புக் கல்லீரல்' என்று ஆனது. கல்லீரலில் கொழுப்போடு, பின்வரும் ஐந்தில் ஒன்று இருந்தாலே அந்தப் பெயர் பொருந்தும்: உடல் எடைக் குறியீடு நம்மவர்களுக்கு 23-ஐத் தாண்டுவது அல்லது இடுப்பளவு கூடுதலாக இருப்பது, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-க்கு மேல் அல்லது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.7-க்கு மேல், பிரஷர் 130/85-க்கு மேல், ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 150-க்கு மேல், நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல் ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே. இந்த ஐந்தையும் மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். இதய மருத்துவர் கேட்கும் பட்டியலும் இதேதான்.

கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தால் மாரடைப்பு எப்படி வரும்? இரண்டும் வேறு வேறு உறுப்பு இல்லையா?

உறுப்பு வேறு, ரத்தம் ஒன்று. ரத்தத்தில் ஓடும் கொழுப்பையும் சர்க்கரையையும் கலந்து அனுப்பும் இடம் கல்லீரல்தான். அங்கே கோளாறு வந்தால் இதயத்தின் ரத்தக் குழாய் வரை போகும்.

இன்சுலினுக்குக் கல்லீரல் சரியாகக் கட்டுப்படாமல் போவதில் இது தொடங்குகிறது. ராத்திரி நாம் சாப்பிடாமல் தூங்கும்போது கல்லீரல் அளவோடு சர்க்கரையை வெளியிட வேண்டும். இன்சுலின் சொல்வதைக் கேட்காத கல்லீரல் அளவுக்கு மீறி வெளியிடுகிறது. காலையில் வெறும் வயிற்றிலேயே 115, 120 என்று காட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதே நேரத்தில் தன்னிடம் தேங்கிய கொழுப்பை டிரைகிளிசரைடு நிறைந்த துகள்களாகக் கட்டி ரத்தத்தில் ஏற்றுகிறது. இந்தத் துகள்கள் பெருகும்போது கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல் துகள்கள் சிறுத்து அடர்த்தியாகின்றன, எச்டிஎல் குறைகிறது. சிறுத்த எல்டிஎல் ரத்தக் குழாயின் சுவருக்குள் எளிதாக நுழைந்து அங்கேயே தங்கிவிடும்.

இதனால்தான் ஒருவருடைய எல்டிஎல் 110 என்று சாதாரணமாகத் தெரிந்தாலும், துகள்களின் எண்ணிக்கை அதிகமாக இருந்து அடைப்பு வளர்கிறது. கொழுப்போடு அழற்சியும் சேர்ந்துகொண்டால், ரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்களைக் கல்லீரல் கூடுதலாகச் சுரக்கிறது. அடைப்பு இருக்கும் இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ள இது வழி செய்கிறது.

மாரடைப்போடு இது நிற்பதில்லை. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதும், இதயத் தசை விறைத்து மூச்சு வாங்குவதும் ஃபேட்டி லிவர் உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன.

அப்படியானால் கல்லீரல் கெட்டு இறப்பவர்களைவிட இதயத்தால் இறப்பவர்கள் அதிகமா?

ஆம். ஃபேட்டி லிவர் உள்ளவர்களின் மரணங்களில் முதல் காரணம் இதய, ரத்தக் குழாய் நோய்தான். 36 ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வெளியான கணக்கில், ஃபேட்டி லிவர் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம் வந்தன. கொழுப்பாலும் அழற்சியாலும் கல்லீரலில் விழும் தழும்பு கூடக்கூட இந்த அபாயமும் ஏறியது. 2022-ல் அமெரிக்க இதயச் சங்கம் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. இந்திய சுகாதாரத் துறையும் 2021 பிப்ரவரியில் ஃபேட்டி லிவரைச் சர்க்கரை, இதய நோய், பக்கவாதத்துக்கான தேசியத் திட்டத்தில் சேர்த்தது.

ஊரில் எல்லோருக்கும் இருக்கிறதே, பயப்பட என்ன இருக்கிறது?

இந்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் பெரியவர்களில் 100-க்கு ஏறத்தாழ 38 பேருக்கு இருக்கிறது. பிரஷரும்தான் ஊரில் நிறைய பேருக்கு இருக்கிறது. அதற்காக யாரும் அதைச் சும்மா விடுவதில்லை. பயம் தேவையில்லை, கணக்குப் பார்க்க வேண்டும்.

குற்றவாளி கல்லீரல் கொழுப்பா, அல்லது அதோடு வரும் சுகரும் தொப்பையுமா?

நல்ல கேள்வி. இதற்கு நேர்மையான பதில் கொஞ்சம் சிக்கலானது. பிஎன்பிஎல்ஏ3 என்று ஒரு மரபணு இருக்கிறது. அதன் ஒரு வகையைப் பிறவியிலேயே பெற்றவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பும் தழும்பும் அதிகம் வரும். ஆனால் இதய நோய் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. கொழுப்பு கல்லீரலிலேயே தங்கிவிடுவதும், ரத்தத்தில் ஏறுவது குறைவதும் இதற்கு ஒரு விளக்கம். தொப்பை, சர்க்கரை, இன்சுலின் எதிர்ப்பு வழியாக வரும் ஃபேட்டி லிவரில்தான் இதயத்துக்கு அடி பலமாக விழுகிறது. நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது இந்த இரண்டாவது வகை. ஆகவே கல்லீரலை மட்டும் 'சுத்தம் செய்கிறோம்' என்று விற்கும் எதையும் வாங்காதீர்கள். ரத்தத்தில் ஓடும் கோளாறுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்தது. அடுத்து என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில் ஒரு டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கூடுதல். வேட்டியோ பேண்ட்டோ கட்டும் இடத்தில் அளந்தால் தொப்பைக்குக் கீழே போய்விடும், 5 செ.மீ. வரை குறைத்துக் காட்டும். எல்லோரும் செய்யும் தவறு இது.

பிரஷர் பார்ப்பதற்கு முன் அரை மணி நேரம் காப்பியும் பீடியும் வேண்டாம். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்கார்ந்து, கை இதயத்தின் மட்டத்தில் இருக்கும்படி பார்க்க வேண்டும். படி ஏறி வந்த சூட்டில் எடுத்தால் பயனில்லை.

ரத்தத்தில்: வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி, லிப்பிட் புரொஃபைல், கல்லீரல் பரிசோதனை, பிளேட்லெட் எண்ணிக்கையோடு முழு ரத்தப் பரிசோதனை, கிரியேட்டினின். லிப்பிட் புரொஃபைலுக்கு 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு நல்லது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால், கணக்குப் போட்டுச் சொல்லும் எல்டிஎல் எண்ணை நம்ப முடியாது. எல்டிஎல்-ஐ நேரடியாக அளக்கச் சொல்லிக் கேளுங்கள். ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ராலில் இருந்து எச்டிஎல்-ஐக் கழித்து வரும் எண்ணையும் பாருங்கள். ஃபேட்டி லிவர் உள்ளவருக்கு எல்டிஎல்-ஐவிட அந்த எண்தான் உண்மையைச் சொல்லும்.

பரம்பரையாக வரும் கொழுப்புத் துகளான லிப்போபுரோட்டீன் ஏ-வை வாழ்நாளில் ஒருமுறை பார்ப்பது நல்லது, குறிப்பாகக் குடும்பத்தில் யாருக்காவது 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால். பிரஷர், சர்க்கரை பரிசோதனைகளும் மாத்திரைகளும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தொடர்ந்து மாத்திரை எடுப்பவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள்.

எஸ்ஜிபிடி நார்மல் என்று வந்துவிட்டது. இனி கவலை இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. எஸ்ஜிபிடி என்பது கல்லீரல் பரிசோதனையில் வரும் ஒரு நொதியின் அளவு. அது சாதாரணமாக இருந்தும் கொழுப்பு இருப்பவர்கள் ஏராளம். தழும்பு இருப்பவர்களும் உண்டு. தழும்பைத் தெரிந்துகொள்ள வீட்டிலேயே போடக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. அதன் பெயர் ஃபிப்-4.

வயதை, அதே பரிசோதனையில் வரும் இன்னொரு நொதியான எஸ்ஜிஓடி-யால் பெருக்குங்கள். அதை, பிளேட்லெட் எண்ணையும் எஸ்ஜிபிடி-யின் வர்க்க மூலத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுங்கள். உதாரணத்துக்கு 52 வயதுக்காரர். எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 2.1 லட்சம். பிளேட்லெட்டை ஆயிரக் கணக்கில், 210 என்று எடுக்க வேண்டும். 52 × 48 = 2,496. 64-இன் வர்க்க மூலம் 8; 210 × 8 = 1,680. வகுத்தால் 1.49.

1.3-க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67-க்கு மேல் என்றால் கல்லீரல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். நடுவில் இருப்பவர், நம் 52 வயதுக்காரரைப் போல, கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்க வேண்டும். அதில் விறைப்பு 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தால் நல்லது. 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லையை 2 என்று வைத்துக்கொள்ள வேண்டும். 35 வயதுக்குள் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு சரிவராது.

இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது: எஸ்ஜிஓடி-யையும் எஸ்ஜிபிடி-யையும் மாற்றிப் போடுவது, பிளேட்லெட்டை 210-க்குப் பதில் 2.1 என்று போடுவது. இரண்டாவது தவறில் விடை 149 என்று வந்து வீட்டையே கலங்கடிக்கும்.

ஃபேட்டி லிவர் இருக்கும்போது கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டால் லிவர் கெட்டுவிடும் என்கிறார்களே?

இந்த ஒரு நம்பிக்கையால் காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர்கள் போகின்றன. அதனால் அழுத்திச் சொல்கிறோம். அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மாத்திரைகளை ஃபேட்டி லிவர் உள்ளவர்கள் தாராளமாக எடுக்கலாம். இதய அபாயம் உள்ளவர்கள் எடுக்கத்தான் வேண்டும். தொடங்கிய சில வாரங்களில் எஸ்ஜிபிடி கொஞ்சம் ஏறினால் அது பெரும்பாலும் தானே இறங்கிவிடும். இயல்பு அளவைப்போல மூன்று மடங்கைத் தாண்டினால் மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது மாற்றுவார். வயிற்றில் நீர் கோத்து, காமாலை வந்த முற்றிய சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) நிலையில்தான் தவிர்க்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் எஸ்ஜிபிடி 70 என்று பார்த்துவிட்டு நீங்களாகவே மாத்திரையை நிறுத்தாதீர்கள். அந்த 70 பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த கொழுப்பால் வந்தது. ஸ்டென்ட் வைத்தவர்கள் நிறுத்தினால் ஆபத்து இன்னும் அதிகம்.

சாப்பாட்டில் எதைக் குறைக்க வேண்டும்? ஜவ்வரிசி, தட்டுவடை செட், மாம்பழம் எல்லாம் விட்டுவிட வேண்டுமா?

நம் ஊர்ச் சாப்பாட்டையே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஜவ்வரிசி நம் மாவட்டத்தின் தொழில். சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆனால் அது மரவள்ளிக் கிழங்கின் மாவு மட்டும்தான். 100 கிராமில் ஏறத்தாழ 88 கிராம் மாவுச்சத்து. புரதம் கிட்டத்தட்ட இல்லை. காய்ச்சலில் கிடப்பவருக்கு நல்ல கஞ்சி. ஃபேட்டி லிவர் உள்ளவர் விரத நாளில் ஜவ்வரிசி உப்புமாவையே மூன்று வேளையும் சாப்பிட்டால் அது விரதம் ஆகாது. பச்சைப்பயறும் வேர்க்கடலையும் காயும் சேர்த்து, ஜவ்வரிசியை ஒரு கைப்பிடிக்குள் நிறுத்துங்கள்.

தட்டுவடை செட்டில் பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் நல்லவைதான். சிக்கல் தட்டையில். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயும் உப்பும் அதில் இருக்கின்றன. வாரம் ஒருமுறை ஒரு செட் போதும். மாலை நடையை முடித்துவிட்டு நேரே அந்தக் கடைக்குப் போகும் பழக்கம் வேண்டாம். வீட்டு எண்ணெய்க்கு ஓர் எளிய கணக்கு: ஆளுக்கு மாதம் அரை லிட்டர். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 2 லிட்டருக்கு மேல் வாங்காதீர்கள்.

மாம்பழத்தில் 100 கிராம் சதைக்கு ஏறத்தாழ 14 கிராம் சர்க்கரை. சீசனில் மதியச் சோற்றைக் குறைத்துக்கொண்டு பாதிப் பழம் சாப்பிடலாம். ஜூஸாகக் குடிக்கக் கூடாது. மூன்று பழத்தின் சர்க்கரை ஐந்தே நிமிடத்தில் உள்ளே போகும். பழச் சர்க்கரையான ஃபிரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலில்தான் செலவாகிறது. மிஞ்சுவதை அது கொழுப்பாக மாற்றிவிடும். பாட்டில் குளிர்பானங்கள் இதைவிட மோசம். ஒரே ஒரு பொருளை இன்றே நிறுத்த முடியும் என்றால் அதை நிறுத்துங்கள்.

சாமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேர்வராயன் மலையின் சாமையும் கேழ்வரகும் நார்ச்சத்து உள்ள நல்ல தானியங்கள். ஆனாலும் சாமையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 65 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் 78. வித்தியாசம் உண்டு, மந்திரம் இல்லை. தட்டு நிறையச் சாமைச் சோறு போட்டால் பலன் போய்விடும். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால் பங்கு சோறு. இதுதான் அளவு.

ஏற்காட்டுக் காப்பிக்கு நல்ல செய்தி. தினமும் இரண்டு மூன்று கப் காப்பி குடிப்பவர்களிடம் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் கப்புக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு நான்கு கப் குடித்தால் நாளுக்கு 40 கிராம் சர்க்கரை. காப்பியை வைத்துக்கொண்டு சர்க்கரையை விடுங்கள்.

எவ்வளவு எடை குறைய வேண்டும்?

80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தால் கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 6 கிலோவில் அழற்சி தணியும். 8 கிலோவைத் தொட்டால் தழும்பும் குறைய வாய்ப்பு உண்டு. வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ போதும். பட்டினி கிடந்து மாதம் 8 கிலோ இறக்கினால் பித்தப்பையில் கல் வரலாம். கல்லீரல் அழற்சியும் கூடலாம்.

கொலுசுப் பட்டறையில் நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. நடப்பதற்கு எங்கே நேரம்?

வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை தேவை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. மூன்று வேளையும் சாப்பிட்டவுடன் பத்துப் பத்து நிமிடம் நடந்தாலே வாரம் 210 நிமிடம் ஆகிவிடும்; சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையும் அடங்கும். விசைத்தறியில் எட்டு மணி நேரம் நிற்பவர்களுக்கும் இது தேவை, நிற்பது நடையாகாது. வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போன்ற தசைப் பயிற்சி சேருங்கள். எடை இறங்காவிட்டாலும் உடற்பயிற்சி கல்லீரல் கொழுப்பைக் குறைக்கிறது. தராசு அசையவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். சித்திரை வெயிலில் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

நான் ஒல்லி. எனக்கு ஏன்?

கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். நம்மவர்களுக்கு எடை குறைவாக இருந்தாலும் உள்ளுறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு சேரும். தசை குறைவு. இதய அபாயம் குண்டானவர்களுக்கு இருப்பதைப் போலவே இருக்கிறது.

வாரம் ஒருமுறை குடிப்பது பரவாயில்லையா?

இல்லை. ஏற்கெனவே கொழுப்புள்ள கல்லீரலுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றைச் சொல்ல முடியாது. டிரைகிளிசரைடும் பிரஷரும் ஏறும். பீடி, சிகரெட், புகையிலையும் அப்படியே.

கீழாநெல்லி, லிவர் டானிக், புது மருந்துகள்: எது வேலை செய்யும்?

கீழாநெல்லி கல்லீரல் கொழுப்பைக் குறைக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. பெயர் தெரியாத மூலிகைப் பொடிகளில் கவனம் வேண்டும். கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிப்புக்கு உள்ளானவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள்.

மருந்துகளில் சரோக்ளிட்டாசருக்கு, ஃபேட்டி லிவருக்காக, இந்தியாவில் 2020-ல் அனுமதி கிடைத்தது. அது டிரைகிளிசரைடையும் குறைக்கும். தழும்பு வந்தவர்களுக்கு ரெஸ்மெடிரோம் அமெரிக்காவில் 2024 மார்ச்சில் அனுமதி பெற்றது, செமாக்ளூடைடு 2025-ல். சர்க்கரை நோயும் இதய நோயும் சேர்ந்திருந்தால் செமாக்ளூடைடு மாரடைப்பு அபாயத்தையும் குறைக்கிறது. விலை அதிகம். யாருக்குத் தேவை என்பதை ஃபிப்-4, எச்பிஏ1சி எண்களோடு மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். மெட்ஃபார்மின் சர்க்கரைக்கு நல்ல மருந்து. கல்லீரல் தழும்பை அது மாற்றுவதில்லை.

ஃபேட்டி லிவரும் பிரஷரும் இருக்கிறது. ஏற்காட்டுக்குப் போகலாமா?

தாராளமாக. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், நிலையாக இருக்கும் இதயத்துக்குத் தொந்தரவு தராது. மாத்திரையை எடுத்துப் போங்கள். ஆனால் மேட்டில் நடக்கும்போது நெஞ்சு இறுகி, நின்றால் விடுகிறது என்றால் அது உயரத்தால் வருவது அல்ல. இதயக் குழாய் அடைப்பின் அடையாளம். இறங்கிய மறுநாளே ஈசிஜியும் இதயப் பரிசோதனையும் செய்யுங்கள்.

மலையில் இருக்கும்போதே நெஞ்சு வலி வந்தால்?

நெஞ்சின் நடுவில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை. சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் குமட்டலும் மட்டும் வரலாம். 'கேஸ்தான்' என்று சோடா குடித்துக் காத்திருப்பதில்தான் நேரம் போகிறது. பத்து நிமிடத்தில் குறையாவிட்டால் 108.

சேலம் வரை இறங்கிவிடலாம் என்று நீங்களே வண்டி ஓட்டாதீர்கள். பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முதலில் ஈசிஜி எடுக்கட்டும். 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் அங்கேயே கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை எழுதி வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். மலைப்பாதையில் வழியிலேயே நிற்க நேர்ந்தால், 20 கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனையாவது வளைவில் இருக்கிறீர்கள் என்பதை 108-ல் முதலில் சொல்லுங்கள்.